நெல்லித்தோப்பும் நகராட்சித் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பும்

நகராட்சித் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு என்பது, ஒரு பகுதியில் எந்த வாய்க்கால் முதலில் தூர்வாரப்படும், எந்தச் சாலை அகலமாகும், எந்தச் சந்தை இடித்துக் கட்டப்படும் என்பன போன்ற முடிவுகளில் அங்கே குடியிருப்போரும் தொழில் செய்வோரும் முன்கூட்டியே கலந்துகொள்வதைக் குறிக்கும். முடிவெடுத்த பிறகு மக்களிடம் சொல்வது அறிவிப்பு மட்டுமே. முடிவெடுக்கும் முன் கேட்பது கலந்தாய்வு. முடிவெடுக்கும் இடத்திலேயே மக்களின் பிரதிநிதிக்கு நாற்காலி இருப்பதுதான் பங்கேற்பு. இம்மூன்றும் அரசு அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால் குழப்பம் எழுகிறது.

புதுச்சேரி நகரின் நெல்லித்தோப்புப் பகுதி இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பொருத்தமான இடம். மக்கள் பங்கேற்புக்கான சட்டங்கள் அங்கே இருக்கின்றன. நகராட்சி அலுவலகமும் இருக்கிறது. ஆனால் நகராட்சிக்கு 2011ஆம் ஆண்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை.

நெல்லித்தோப்பு

பிரெஞ்சுக்காரர் அமைத்த பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகளுக்கு மேற்கே, பேருந்து நிலையத்திலிருந்து இந்திரா காந்தி சதுக்கம் செல்லும் திசையில் நெல்லித்தோப்பு அமைந்துள்ளது. பெயர் ஒரு தோப்பைச் சொன்னாலும் இன்று இது நெருக்கமான குடியிருப்புப் பகுதி. விண்ணேற்பு அன்னை ஆலயம், சந்தை, கடைத்தெருக்கள், எப்போதும் வாகனங்கள் நிற்கும் சிக்னல் ஆகியவை இதன் அடையாளங்கள். சுற்றுலாப் பயணிகள் காணும் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் வீடுகளும் இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ளன. புதுச்சேரியைப் பற்றிய திட்டங்களும் செய்திகளும் பெரும்பாலும் அந்தக் கிழக்குப் பகுதியையே சுற்றி வருவதை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும்.

நிர்வாக வகையில் நெல்லித்தோப்பு புதுச்சேரி நகராட்சியைச் சேர்ந்தது. இதே பெயரில் சட்டமன்றத் தொகுதி ஒன்றும் உண்டு. புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களில் ஒருவர் இத்தொகுதியின் உறுப்பினர். 2016 நவம்பர் 19 அன்று நடந்த இடைத்தேர்தலில், அப்போது முதலமைச்சராக இருந்த வெ. நாராயணசாமி இங்கிருந்து வெற்றி பெற்றார். அந்த ஆண்டில் நெல்லித்தோப்பு வாக்காளர்கள் ஒரு முதலமைச்சரைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது. தங்கள் தெருவின் கழிவுநீர்க் கால்வாயைப் பற்றிக் கேட்க ஒரு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்கு வாய்ப்பில்லை.

தொகுதியின் அளவும் கவனிக்கத்தக்கது. அந்த இடைத்தேர்தலின்போது நெல்லித்தோப்பில் சுமார் 31 ஆயிரம் வாக்காளர்கள் இருந்தனர். 200 வார்டுகள் கொண்ட சென்னை மாநகராட்சியில் ஒரு வார்டின் சராசரி மக்கள்தொகையே ஏறத்தாழ இந்த அளவுதான். அதாவது சென்னையில் ஒரு மாமன்ற உறுப்பினர் கவனிக்கும் மக்களைப் புதுச்சேரியில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனிக்கிறார். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சிமெண்ட் சாலை ஆகியவற்றுக்காக மக்கள் நேரே சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்குச் செல்வது புதுச்சேரியில் வழக்கமாகிவிட்டதற்கு இது ஒரு காரணம். உள்ளாட்சித் தேர்தல் பல ஆண்டுகள் நடைபெறாதபோதும் பெரிய கொந்தளிப்பு எழாததற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

மேரி: பிரெஞ்சுக் காலத்து நகரசபை

புதுச்சேரியில் உள்ளாட்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880 மார்ச் 12ஆம் நாள் வெளியான பிரெஞ்சு ஆணை, இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையை ஏற்படுத்தியது. முதலில் பத்தாக இருந்த கொம்யூன்கள் 1907இல் பதினேழாயின. அவற்றில் எட்டு புதுச்சேரிப் பகுதியிலும் ஆறு காரைக்கால் பகுதியிலும் இருந்தன. கொம்யூனின் தலைவர் மேர் எனப்பட்டார். அவருடைய அலுவலகம் மேரி. இச்சொல் இன்றும் புதுச்சேரிப் பேச்சில் வழங்குகிறது. கிராமப்புற உள்ளாட்சி அமைப்புகளின் பெயரிலும் கொம்யூன் பஞ்சாயத்து என்று அந்தப் பழைய சொல் நிலைத்திருக்கிறது.

அந்தக் காலத்து முறையை முழு மக்களாட்சி என்று சொல்ல இயலாது. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் தனித்தனி வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. தலைக்கணக்கில் மிகச் சிலராக இருந்த ஐரோப்பியருக்கு அளவுக்கு மீறிய இடங்கள் கிடைத்தன. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. தேர்தல் முறைகேடுகளும் அடிதடியும் சாதாரணமாக இருந்தன. ஆயினும் தங்கள் ஊர்க் காரியத்தைப் பேச ஒரு மன்றம் உண்டு என்ற வழக்கம் அப்போதே வேரூன்றியது.

அந்த நகரசபைகளின் எடை 1954இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் புதுச்சேரிப் பகுதியின் நகரசபைகள் இந்தியாவுடன் இணைய வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றின. பின்னர் அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமே. நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. எந்த நாட்டோடு சேர்வது என்பதையே முடிவு செய்த நகரசபைகள், அடுத்து வந்த காலத்தில் ஒரு வாய்க்காலைப் பற்றி முடிவு செய்யவும் இல்லாமல் போயின என்பது புதுச்சேரி வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

1968, 2006, 2011

இணைப்புக்குப் பிறகு நகரசபைத் தேர்தல்கள் சில முறை நடந்தன. 1968க்குப் பின் அவை நின்றுபோயின. 1973இல் புதுச்சேரி நகராட்சிகள் சட்டமும், கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து, நீதிமன்ற வழக்குகளின் பின் 2006இல் நடைபெற்றது. அப்போது அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் மீண்டும் தேர்தல் இல்லை.

அரசியலமைப்பின் 243யு பிரிவு, நகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது. கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காலக்கெடுவைத் தள்ளிப்போட முடியாது என்று உறுதிப்படுத்தியது. புதுச்சேரியில் தேர்தலை நடத்துமாறு 2018இலும் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. 2021 அக்டோபரில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஆனால் வார்டு ஒதுக்கீட்டில் எழுந்த குறைபாடுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு நீக்கப்பட்டதற்கு அரசியல் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தேர்தல் நடைமுறை நின்றது.

இடஒதுக்கீட்டுச் சிக்கல் உண்மையானது. உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு வழங்க, அவர்களின் நிலையைத் தனி ஆணையம் ஒன்று ஆய்வு செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலும் 2021இலும் கூறியுள்ளது. ஆய்வுக்குக் காலம் தேவை என்பதும் சரிதான். ஆனால் 2011இலிருந்து 2021 வரை அந்த ஆய்வு தொடங்காமலேயே கிடந்ததற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

மன்றம் இல்லாத காலத்தில் அதன் அதிகாரங்களை அரசு நியமிக்கும் அலுவலர் வகிக்கிறார். நகராட்சி ஆணையர் திறமையானவராகவும் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய பணி மாற்றத்தை நெல்லித்தோப்பு மக்கள் தீர்மானிப்பதில்லை. மன்றக் கூட்டம் நடக்காததால் விவாதமும் நடப்பதில்லை. ஒரு திட்டத்துக்கு எதிராக யார் என்ன சொன்னார் என்ற பதிவும் எஞ்சுவதில்லை.

கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. அது பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. கூடுவதற்கு மன்றம் இல்லாத நிலையில், மன்றத்துக்கான கட்டடம் மட்டும் திரும்பி வந்தது.

சட்டம் தரும் இடங்கள்

1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிக்குரிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிடுகிறது. பட்டியலின் முதல் பொருளே நகரத் திட்டமிடல்தான். இத்திருத்தம் மக்கள் பங்கேற்புக்கு இரண்டு வழிகளைத் திறந்தது.

முதலாவது, வார்டுக் குழு. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 243எஸ் பிரிவு கூறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.44 லட்சம் பேர் வாழ்ந்தனர். அருகிலுள்ள உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை மூன்று லட்சத்தை மயிரிழையில் தாண்டியிருந்தது. எனவே மன்றம் இருந்தாலும் நெல்லித்தோப்புக்கு வார்டுக் குழு அரசியலமைப்பின் கட்டாயம் அல்ல. சில தெருக்கள் தள்ளி உழவர்கரை எல்லைக்குள் இருப்பவருக்கு அது கட்டாயம். ஒரே பேருந்து நிலையத்தையும் ஒரே சந்தைகளையும் பயன்படுத்தும் இரு நகராட்சிகளுக்கு இடையே இப்படி ஒரு கோடு விழுந்திருப்பது பொருளற்றது. கூடுதல் குழுக்களை அமைக்கச் சட்டமன்றத்துக்குத் தடையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே இது சட்டம் போட்ட முட்டுக்கட்டை அல்ல.

இரண்டாவது, மாவட்டத் திட்டக் குழு. 243இசட்டி பிரிவின்படி இக்குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களால் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உள்ளாட்சி உறுப்பினர்களே இல்லாத இடத்தில் அந்த ஐந்தில் நான்கு பங்கு எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்தில் விடை கிடையாது.

இவற்றுக்கு முன்பே வந்தது, 1969ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர மற்றும் கிராம அமைப்புச் சட்டம். நகரின் நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் இச்சட்டத்தின் கீழ் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தால் தயாரிக்கப்படுகிறது. 2036ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட திட்டமும் இவ்வாறு உருவானதே. திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டு, பொதுமக்கள் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் எழுத்து மூலம் தர அவகாசம் அளிக்கப்படுகிறது. மன்றம் இல்லாத காலத்திலும் திறந்திருக்கும் கதவு இது. ஆனால் இதன் வழியே நுழைபவர்கள் பெரும்பாலும் மனை உரிமையாளர்கள், கட்டுநர்கள், பொறியாளர்கள் போன்றோரே. வரைவு வரைபடத்தில் ஒரு தெரு மஞ்சளாக இருந்தால் என்ன, நீலமாக இருந்தால் என்ன என்பதை வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர் அறிய, யாராவது அத்தெருவுக்கு வந்து விளக்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் வார்டு உறுப்பினர்.

ஒரு தெரு, பல அலுவலகங்கள்

புதுச்சேரியில் பங்கேற்பைக் கடினமாக்கும் இன்னொரு காரணம், ஒரே தெருவின் பணிகள் பல துறைகளுக்குப் பிரிந்து கிடப்பது. குப்பை, தெருவிளக்கு, வணிக உரிமம், பிறப்பு இறப்புப் பதிவு, நகராட்சிச் சந்தை ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித் துறையின் கையில். கட்டட அனுமதி நகர அமைப்புக் குழுமத்தில். குடிசைப் பகுதி மேம்பாடு குடிசை மாற்று வாரியத்தில். ஸ்மார்ட் சிட்டி பணிகள் அதற்கெனத் தொடங்கப்பட்ட நிறுவனத்திடம்.

தெருவில் தண்ணீர் தேங்கினால் அது மழைநீரா கழிவுநீரா, சிறு கால்வாயின் அடைப்பா பெரிய வாய்க்காலின் அடைப்பா என்பதைப் பொறுத்து மனு செல்ல வேண்டிய முகவரி மாறும். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் நெல்லித்தோப்பை ஒட்டிய இந்திரா காந்தி சதுக்கத்தில் தண்ணீர் தேங்குவதற்குப் புயல் வர வேண்டியதில்லை. நல்ல மழை ஒன்றே போதும். எந்த மூலையில் தண்ணீர் முதலில் ஏறுகிறது, எந்தப் பாலத்தின் அடியில் அடைத்துக்கொள்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பவை பல ஆண்டுகள் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பொறியாளரின் அளவீட்டில் கிடைக்காத இத்தகவல் வடிகால் திட்டத்துக்கு மிகவும் தேவையானது. அதைக் கேட்டுப் பதிவு செய்யும் முறைதான் இல்லை.

அப்படி ஒரு முறை இல்லாததன் விலை சில நேரங்களில் உயிராகவும் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வீடுகளுக்குள் பரவிய நச்சு வாயுவால் மூவர் இறந்தனர். சாக்கடை இணைப்புகளின் நிலையை அதிகாரிகள் அதன் பிறகே வீடு வீடாக ஆராயத் தலைப்பட்டனர். நாற்றத்தை முதலில் உணர்பவர் அந்தத் தெருவில் இருப்பவர். அவர் சொல்வதைக் கேட்டு, மூன்று துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்க அதிகாரமுள்ள ஓர் ஆள் அருகில் இருக்கிறாரா என்பதே கேள்வி. வார்டு உறுப்பினர் பொறியாளர் அல்லர். அவரால் வாயுவைக் கண்டறிய முடியாது. ஆனால் அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு வாக்குக் கேட்டு வர வேண்டியவர் என்பதால் அவருக்குக் காது கேட்கும்.

பங்கேற்பின் ஏணி

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ்ப்படிகளில் மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள் அல்லது சமாதானப்படுத்தப்படுகிறார்கள். நடுப்படிகளில் தகவல் பெறுகிறார்கள், கருத்துச் சொல்கிறார்கள். மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு கிடைக்கிறது. கருத்துக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு அதையே பங்கேற்பு என்று அழைப்பதை அவர் கண்டித்தார். தற்செயலாக, புதுச்சேரியின் நகர அமைப்புச் சட்டத்தின் பெயரிலும் அதே 1969தான் இருக்கிறது. அச்சட்டம் ஏணியின் நடுவில் நின்றுவிட்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு புதுச்சேரியில் நடந்த சில முயற்சிகளைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்பஸ் திட்டத்தின் கீழ், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், நகராட்சியும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளின் முகப்புகளைப் புதுப்பித்தன. திண்ணையும் தாழ்வாரமுமாக வரிசையாக நிற்கும் வீடுகள் அவை. வீட்டு உரிமையாளர்களிடம் பேசி, அவர்களின் ஒப்புதலோடு வேலை நடந்தது. 2008இல் இவ்வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு வீதியைப் புதுப்பிக்க அங்குள்ள ஒவ்வொரு வாசற்படியும் ஏற வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் வீட்டு உரிமையாளர்கள், வீதியும் ஒன்றே ஒன்று.

இதற்கு மறுமுனை குபேர் அங்காடி எனப்படும் பெரிய மார்க்கெட். புதுச்சேரி 2017 ஜூன் மாதம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. தேர்வுக்கான முன்மொழிவிலேயே மக்களிடம் கருத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. ஆயினும் நகராட்சிக்குச் சொந்தமான அந்த அங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் செயலுக்கு வந்தபோது, வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தனர். கடைகளை மூடிப் போராட்டமும் நடத்தினர். புதுக் கட்டடம் வேண்டாம் என்பதல்ல அவர்களின் வாதம். இடைக்காலத்தில் எங்கே விற்பது, வேலை எத்தனை ஆண்டு இழுக்கும், முடிந்த பின் அதே கடை அதே ஆளுக்குக் கிடைக்குமா என்று கேட்டனர். முழுவதும் இடிக்காமல் பகுதி பகுதியாகச் செய்யலாம் என்றனர். மூட்டை தூக்குபவரும் கூடையில் கீரை விற்பவரும் ஒரு மாத வருமானம் நின்றாலே கடனில் விழுவார்கள். இக்கேள்விகள் வரைபடம் போடும்போதே கேட்கப்பட்டிருந்தால் பல ஆண்டு இழுபறி குறைந்திருக்கும். இணையதளத்தில் கருத்துக் கேட்பதும் அங்காடியில் நின்று கேட்பதும் ஒன்றல்ல.

நெல்லித்தோப்புச் சந்தையைப் போன்ற சிறு சந்தைகளுக்கும் இப்பாடம் பொருந்தும். இங்கே அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் உதவக்கூடும். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களைத் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். விற்பனை செய்யும் இடம், செய்யக் கூடாத இடம் ஆகியவற்றை வகுப்பதில் இக்குழுவுக்குப் பங்கு உண்டு. ஆர்ன்ஸ்டீனின் ஏணியில் இது மேல்படிக்கு அருகில் வருகிறது. நகரத் திட்டமிடலில் பூ விற்பவருக்குச் சட்டப்படி நாற்காலி கிடைக்கும் இடம் அனேகமாக இது ஒன்றுதான்.

மாஹேயின் எல்லைக்கு அப்பால்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹே, கேரளத்தின் நடுவே இருக்கும் சிறு நகரம். மாஹே நகராட்சியிலும் 2011க்குப் பின் மன்றம் இல்லை. ஆனால் ஆற்றைக் கடந்தால் வரும் நியூ மாஹேயிலும், தெற்கே உள்ள அழியூரிலும் 2015இலும் 2020இலும் தேர்தல் நடந்தது. கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ஊர்ச் சபையில் மக்கள் பேசியது பட்டியலாகி, பட்டியல் திட்டமாகி, திட்டத்துக்குப் பணம் வந்தது. பேசினால் பணம் வரும் என்று தெரிந்த பிறகே கூட்டங்களுக்கு ஆள் வந்தது. வார்டுக் குழுவுக்கான மூன்று லட்சம் என்ற வரம்பையும் கேரளச் சட்டம் ஒரு லட்சமாகக் குறைத்தது. அதற்கும் சிறிய நகராட்சிகளுக்கு வார்டு சபை உண்டு. நெல்லித்தோப்பு கேரளத்தில் இருந்திருந்தால் வார்டுக் குழு அதன் உரிமையாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டின் நிலை வேறு. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அங்கும் 2011க்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்தது. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகள் வந்தன. நவம்பர் 1 உள்ளாட்சி நாளாக அறிவிக்கப்பட்டு, அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. அதே நவம்பர் 1 புதுச்சேரியில் விடுதலை நாள். தமிழ்நாட்டு ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. பகுதி சபையின் பிரதிநிதியை அப்பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. இதனால் வார்டு உறுப்பினரின் கட்சிக்காரரே அவ்விடத்துக்கு வந்துவிடும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு நாளும் ஓர் இடமும் விதியாகியிருக்கின்றன.

உலக அளவில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம். 1989 முதல் அந்நகரம் தன் முதலீட்டுச் செலவின் ஒரு பகுதியை மக்கள் கூட்டங்களில் முடிவு செய்தது. இந்தியாவில் புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களின் சிறு பணி யோசனைகளை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது.

மன்றம் இல்லாதபோது

நெல்லித்தோப்பு போன்ற இடத்தில் இன்று குடியிருப்போருக்கு உள்ள வழிகள் சில. நலவாழ்வுச் சங்கமாகக் கூடி மனுக் கொடுக்கலாம். நகர அமைப்புக் குழுமம் வரைவுத் திட்டம் வெளியிடும்போது குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். தனியாள் மனுவைவிடத் தெருவே சேர்ந்து கையெழுத்திட்டு, தண்ணீர் தேங்கும் இடங்களைக் கையால் வரைந்த படத்தோடு தரும் மனு பயனுள்ளது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பணியின் மதிப்பீடு, ஒப்பந்தம், முடிவுத் தேதி ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டைப் பெற்றுப் படித்த தெருவில், கால்வாயின் ஆழம் பாதியில் குறைவதில்லை.

இவ்வழிகளுக்கு எல்லை உண்டு. நலவாழ்வுச் சங்கங்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களின் சங்கங்கள். வாடகைக்கு இருப்போரும், கடையின் பின்னறையில் தங்கி வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளரும், நாள் கூலிக்குப் போகும் பெண்களும் அக்கூட்டங்களுக்கு அழைக்கப்படுவது அரிது. அழைத்தாலும் காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அவர்கள் வேலையை விட்டு வர இயலாது. வாக்குச்சீட்டு இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே வாக்கு. சங்கங்களின் மனுக்களும் இணையவழிக் கருத்துக்கேட்பும் வார்டுத் தேர்தலுக்கு மாற்றாக முடியாததற்குக் காரணம் இதுவே. 2006இல் நடந்த நகராட்சித் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்த நெல்லித்தோப்பு இளைஞருக்கு இன்று முப்பத்தைந்து வயது கடந்துவிட்டது. அவருக்குப் பின் 18 வயதை எட்டிய எவரும் தம் வார்டுக்கென ஓர் உறுப்பினரை இன்னும் தேர்ந்தெடுத்ததில்லை.